முகம் பார்க்காத கையெழுத்து

புதன்கிழமை காலை வருகைத்தாளில் ஓர் ஆள் கூடுதலாக இருந்தார்.

ஷார்ஜாவில் நஹ்தா பக்கம் எழும்பிக்கொண்டிருந்த இருபத்திரண்டு மாடிக் கட்டடத்திலிருந்து தினமும் ஃபேக்ஸில் வரும் தாள் அது. நம்பர், பெயர், வந்திருந்தால் ஒரு ‘பி’, வராவிட்டால் ஓர் ‘ஏ’. ரோலா கடைத்தெருவில் துணிக்கடைக்கு மேலே, ஜன்னல் ஏசி சொட்டுச் சொட்டாகப் பக்கெட்டில் தண்ணீர் விடும் ஆபீசில் உட்கார்ந்து, கோபாலசாமி அதில் ஒரே ஒரு வரியைத் தேடினார். 4417, சோலைமுத்து. அந்தப் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டார்கள் என்று பார்த்து ஃபைலில் ஒரு நகல் சொருகிவிட்டால் அவர் வேலை முடிந்தது. பெயர் அடிபடவில்லை. செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் ‘பி’ என்று இருந்தது. சோலைமுத்து ஞாயிற்றுக்கிழமை விடிகாலையே தொழிலாளர் கேம்ப்பில், தன் கட்டிலில், தூக்கத்தில் செத்துப்போயிருந்தார்.

சைட்டில் ஆள் கணக்கு எடுக்கும் சுரேஷ்குமாருக்கு போன் போட்டார்.

“சுரேஷ், நாலு நாலு ஒண்ணு ஏழுக்கு பி போட்டிருக்கீங்க. அவர் எறந்தது தெரியாதா உங்களுக்கு?”

“தெரியும் சார். நான் பேரப் பாத்துப் போடறதில்ல. கேட்ல பெட்டில கார்டு போட்டுட்டு உள்ள போவாங்கல்ல, அந்த கார்டை எண்ணி நம்பரப் பாத்து டிக் பண்ணுவேன். அந்த நம்பர் கார்டு பெட்டில இருந்துச்சு.”

“அந்த கார்டு எங்கிட்ட அலமாரில இருக்குய்யா.”

மறுமுனையில் கான்கிரீட் மிக்சர் உருண்டுகொண்டிருந்தது. “அப்ப நாந்தான் தப்பா எண்ணிட்டேன் போல சார்” என்றான் சுரேஷ்குமார். நம்பிச் சொன்ன குரலாக அது இல்லை.

கோபாலசாமி அலமாரியைத் திறந்து, போலீஸ் ஒட்டிக் கொடுத்த பிளாஸ்டிக் பையை எடுத்தார். உள்ளே ஒரு கைக்கடிகாரம், பேட்டரியைத் தனியே கழற்றி வைத்த ஒரு செல்போன், பாதி தீர்ந்த கோடாலித் தைல பாட்டில், கார்டு. எல்லாம் பட்டியல்படி சரியாக இருந்தது. பையைப் பிரித்துக் கார்டை வெளியே எடுத்தவருக்குக் கட்டை விரலில் ஏதோ ஒட்டியது. சிமெண்ட். காயாத சிமெண்ட். அதைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு, ஏசித் தண்ணீர் பட்டிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஏசி அறையின் அந்தக் கோடியில் இருந்தது.

கம்பெனியில் அவருக்குப் பத்து வேலை. விசா அடிப்பது, லேபர் கார்டு புதுப்பிப்பது, மெடிக்கலுக்கு ஆள் கூட்டிப் போவது, ஊருக்குப் போகிறவர்களின் லீவு தாளை மேலே அனுப்புவது. ஒருவனுக்கு லீவு கிடைத்துவிட்டது என்று கேம்ப்பில் தெரிந்தால் போதும், மறுநாள் மத்தியானம் ஆபீஸ் மாடிப்படி முழுக்க க்யூ நிற்கும். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பதினோராவது வேலை. யாராவது செத்தால் அவர்தான். சில நாடுகளில் இதற்கென்றே ஓர் அதிகாரி இருப்பாராம். செத்தவன் யார், எதனால் செத்தான், யாருக்குச் சொல்லி அனுப்புவது, அவன் பொருள்களை யாரிடம் சேர்ப்பது என்று எல்லாவற்றையும் அவரே பார்த்துக் கையெழுத்துப் போடுவாராம். இங்கே அது பத்து வாசலில் சிதறிக் கிடக்கும் வேலை. போலீஸ் ஓர் இடம், டாக்டர் ஓர் இடம், சான்றிதழ் ஓர் இடம், பாஸ்போர்ட்டை ரத்து செய்யும் கான்சுலேட் துபாயில், உடம்புக்கு மருந்து ஏற்றும் எம்பாமிங் சென்டர் ஊருக்கு வெளியே. அத்தனை வாசலும் ஏறி இறங்கிக் கடைசியில் பெட்டியை விமானத்தில் ஏற்றுகிறவர் கோபாலசாமி. அதனால் கேம்ப்பில் அவர் பெயர் பெட்டிச்சாமி.

பெட்டிச்சாமி உள்ளே நுழைந்தால் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கோபம் இல்லை, பகை இல்லை. அவர் கண்ணில் முகம் பட்டால் அடுத்த ஃபைல் நமக்குத்தான் என்று எவனோ கிளப்பிவிட்டது, ஏழெட்டு வருஷமாக நிற்கிறது. சோற்றுத் தட்டோடு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, “வாங்க சார்” என்று மரியாதையாகச் சுவரிடம் சொல்வார்கள். அவருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. அவரும் யார் முகத்தையும் பார்க்கிற ஆள் இல்லை.

முதன்முதலில் பெட்டி ஏற்றிய ஆளை மட்டும் பார்த்தார். தொண்ணூற்றெட்டில் சாரத்திலிருந்து விழுந்த கடலூர்க்காரர். அந்த முகம் எட்டு மாதம் அவர் சாப்பாட்டுத் தட்டிலேயே வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார். பிணவறையில் ட்ரேயை இழுத்து, துணியை விலக்கி, இவர்தானா என்று போலீஸ்காரர் கேட்கும்போது கோபாலசாமியின் கண் தலைக்கு மேலே சுவரில் இருக்கும் வெள்ளை டைல்ஸில் நிற்கும். அப்புறம் கால் பெருவிரலில் கட்டிய சீட்டுக்கு இறங்கும். சீட்டில் இருக்கும் நம்பரும் தாளில் இருக்கும் நம்பரும் ஒன்றாக இருந்தால் அரபியில் ஆமாம் என்று “ஐவா” சொல்வார், கையெழுத்துப் போடுவார். முகத்தை ஒத்துப் பார்க்க ஃபைலில் பாஸ்போர்ட் நகல் இருக்கும்தான். நகலுக்கு நகல் எடுத்து, போட்டோ இருந்த இடம் வெறும் கறுப்பு மையாகியிருக்கும். அந்தக் கடலூர்க்காரரைச் சேர்க்காமல், இப்படி எட்டு வருஷத்தில் முப்பத்தொரு பேர். சோலைமுத்து முப்பத்தொன்றாவது.

இந்த முறை ஒரு சங்கடம் சேர்ந்துகொண்டது. திங்கட்கிழமை, கமுதி பக்கத்திலிருந்து சோலைமுத்துவின் மனைவி நாகவள்ளி போனில் வந்தாள். அழுகை எல்லாம் முடிந்த குரல்.

“சார், எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யணும் நீங்க. அவுக டூட்டிய விட்டுட்டு தானா வர்ற ஆளு இல்ல. லீவு குடுத்தாக்கூட யாராச்சும் நேருல வந்து ‘போய்யா’ன்னு சொன்னாத்தான் பெட்டியத் தூக்குவாக. மூடறதுக்கு முன்னாடி அவுக மொகத்தப் பாத்து, பேரச் சொல்லி, ‘நாகவள்ளி வரச் சொன்னா’ன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. இல்லேன்னா வெறும் ஒடம்புதேன் வந்து சேரும்.”

இது ஒன்றும் புதிதல்ல. மற்ற கம்பெனிகளில் அறைத் தோழர்கள் இரண்டு பேர் வந்து, பெட்டியை மூடும் முன் காதருகே குனிந்து, ஊருக்குக் கிளம்பு என்று சொல்லி அனுப்புவதை அவர் பார்த்திருக்கிறார். இவர் கம்பெனியில் அதற்கு ஆளை விடமாட்டார்கள். சரிம்மா என்றார். செவ்வாய்க்கிழமை பிணவறைக்குப் போய், டைல்ஸைப் பார்த்து, கால் சீட்டைப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். சாயங்காலம் அவள் கூப்பிட்டபோது, “சொல்லிட்டேம்மா. தூங்கற மாதிரி இருந்தார்” என்றார். பொய்தான். நல்ல மனசோடு சொன்ன பொய் என்று நினைத்துக்கொண்டார்.

புதன்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு அவள் மறுபடி கூப்பிட்டாள்.

“சார், நெசமாவே சொன்னீகளா?”

“ஏம்மா, சொன்னேனே.”

“மொகத்தப் பாத்தா?”

அவர் பதில் சொல்லுமுன் அவளே தொடர்ந்தாள். “தெனம் சாப்பாட்டு நேரத்துல ரெண்டு ரிங் விட்டு கட் பண்ணுவாக. சாப்பிட்டேன்னு அர்த்தம். எடுக்க மாட்டேன், எடுத்தா காசு போயிரும்ல. நாலு வருசமா அதேன் எங்களுக்குப் பேச்சு. நேத்தும் வந்துச்சு சார். இன்னைக்கும் இப்பத்தேன் வந்துச்சு. ரெண்டு ரிங்.”

“வேற யாராவது அடிச்சிருப்பாங்கம்மா.”

“அவுக நம்பரு சார்.”

ஏசி பக்கெட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. கோபாலசாமி போனைத் தோளில் இடுக்கியபடி அலமாரியிலிருந்து பையை எடுத்து, பிளாஸ்டிக்கின் மேலாகவே செல்போனைத் தொட்டார். சுட்டது. வெயிலில் நிற்கும் ஆளின் சட்டைப் பையிலிருந்து அப்போதுதான் எடுத்த சூடு. பேட்டரி பையின் வேறொரு மூலையில் தனியாகத்தான் கிடந்தது.

“பெட்டி நாளைக்கு ஏத்துறோம்மா” என்றார். தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

“அதுக்குள்ள ஒரு தரம் சொல்லிருங்க சார். நான் இன்னும் தாலியக் கழட்டல. அவுக வந்து சேந்த பொறவுதேன்.”

ஆகஸ்ட் மாத மத்தியானத்தில் ஷார்ஜாவில் நாய்கூட நிழலை விட்டு நகராது. கோபாலசாமி சைட்டுக்குப் போனார். ஏன் போகிறோம் என்று காரில் கேட்டுக்கொண்டே போனார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுக்கலாம், போகவில்லை. பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை வேலை கூடாது என்று சட்டம் வந்து இரண்டாவது கோடை அது. முதல் மாடித் தளத்தில், மேலே கான்கிரீட் கூரை போட்ட நிழலில், ஈரத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு இருநூறு பேர் வரிசை வரிசையாகப் படுத்திருந்தார்கள். காற்று இல்லை. வேர்வையும் புளிக்குழம்பும் இரும்புத் துருவும் கலந்த வாடை தரையோடு நின்றது. எங்கோ ஒரு குழாயிலிருந்து தண்ணீர் விட்டுவிட்டு இறங்கும் சத்தம், யாரோ தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் சத்தம், இரண்டு மட்டும். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டதும், விழித்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் படுத்தார்கள்.

சோலைமுத்துவின் அறைத் தோழன் ஐயப்பன் எழுந்து வந்து, தூணைப் பார்த்தபடி நின்றான்.

“நான் இப்படி நின்னே பேசுறேன் சார். தப்பா நெனைக்காதீங்க.”

“பரவால்ல. ரூம்ல எதாவது… வித்தியாசமா இருக்காய்யா?”

ஐயப்பன் தூணில் ஒட்டியிருந்த சிமெண்டை நகத்தால் சுரண்டினான். “அண்ணன் கட்டிலு காலைல பாத்தா ஈரமா இருக்கு சார். வேர்வையாட்டம். விடியக்கால நாலு மணிக்கு பாத்ரூம் வாசல்ல எல்லாரும் பக்கெட்ட வரிசைல வச்சிட்டு வந்து டீ குடிப்போம். எங்க ரூம்ல இப்ப ஏழு பேரு. எட்டு பக்கெட் இருக்கு.”

“வேற ரூம் ஆளு வச்சிருப்பான்.”

“அண்ணன் பக்கெட்டு சார். பச்சைக் கலரு. நாங்கதான் அத எடுத்து மேல பரண்ல போட்டோம்.”

கோபாலசாமி வேறு எதையாவது பார்க்கலாம் என்று தளத்தின் கோடிக்குக் கண்ணை ஓட்டினார். கடைசித் தூணடியில் ஒருவர் குந்தி உட்கார்ந்திருந்தார். முகத்தில் துண்டு இல்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை. பின்னால் வெள்ளையாக எரிந்த வெயிலில் உருவம் கறுப்பாகத் தெரிந்தது, ஒரு பக்கம் ஏறியிருந்த மீசை, மடியில் மூடிய டிபன் கேரியர். இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். லீவு தாளில் கையெழுத்து ஆயிற்றா என்று கேட்க வந்து, கேட்கக் கூச்சப்பட்டு நிற்பவர்கள் பார்க்கும் பார்வை அது. கோபாலசாமியின் கண் பழக்கத்தில் டக்கென்று தூணின் மேல் பக்கம் ஏறிக்கொண்டது.

“அந்தக் கடைசித் தூண்கிட்ட யாரு?”

ஐயப்பன் எட்டிப் பார்த்தான். “யாரும் இல்லையே சார். அது அண்ணன் உக்கார்ற எடம். அங்க இப்ப யாரும் போறதில்ல.”

கோடாலித் தைலம் வாசம் அடித்தது. பக்கத்தில். மிகப் பக்கத்தில். கோபாலசாமி படி இறங்கி, காருக்கு நடந்து, சூடான ஸ்டீயரிங்கைப் பிடித்தார். பின்னால் பார்க்கும் கண்ணாடியை ரோலா வந்து சேரும்வரை கூரைப் பக்கமாகத் திருப்பியே வைத்திருந்தார்.

சாயங்காலம் வீட்டில் அவர் மகள் ஸ்வாதி பள்ளிக்கூடத்துக் கதை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்தினாள்.

“அப்பா, லுக் அட் மீ. நான் பேசறப்ப எப்பவும் நீங்க சுவரத்தான் பாக்கறீங்க.”

“பாத்துக்கிட்டுதானே இருக்கேன்.”

அவர் பார்த்தார். பல்லில் கம்பி கட்டியிருந்தாள். இது எப்போது என்று கேட்டார். “ரெண்டு மாசம் ஆச்சு. நீங்கதான் பில் கட்டினீங்க” என்றாள் அவர் மனைவி ஷியாமளா, அடுப்படியிலிருந்து. அவள் சிரிக்கவில்லை. கோபாலசாமிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. முதல்முறையாகத் தன்மீதே வெறுப்பு வந்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்கெல்லாம் எம்பாமிங் சென்டர் வாசலில் நின்றார். கார்கோவில் இரண்டு மணிக்குப் பெட்டியைக் கொடுத்தாக வேண்டும். அங்கே வேலை பார்த்த மஹ்மூது காயல்பட்டினத்துக்காரர், வருஷக்கணக்காகப் பழக்கம். சோலைமுத்துவைக் குளிப்பாட்டி, மருந்து ஏற்றி, வெள்ளைத் துணி சுற்றிப் பெட்டியில் கிடத்தியாகிவிட்டது. முகத்தின் மேல் தனியாக ஒரு துணி.

“மஹ்மூது பாய், நான் முகத்தப் பாக்கணும்.”

மஹ்மூது கையுறையைக் கழற்றாமல் நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தார். “என்ன சாமி அதிசயமா இருக்கு. எட்டு வருசமா டைல்ஸ எண்ணிட்டுப் போற ஆளாச்சே நீங்க.”

“தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாமலா. பாகிஸ்தான் பட்டாணி வருவான், வங்காளி வருவான், ஒரு வார்த்த சொல்லித்தான் அனுப்புவான். ஒங்க கம்பெனி மௌத்து மட்டும் யாரும் சொல்லாமத்தான் போகும். எனக்கே ஒரு மாதிரி இருக்கும் சாமி. சரி, வாங்க.”

துணியை விலக்கினார். கோபாலசாமியின் கண் தானாக மேலே போய்விட்டது. வெள்ளை டைல்ஸ், ஒன்றில் ஒரு கீறல். இறக்கப் பார்த்தார், இறங்கவில்லை. குளிர்சாதனம் ஓடும் முனகல், மருந்து நெடி, அதற்கு அடியில் மெலிசாகக் கோடாலித் தைலம். தைலம் எப்படி? மருந்தில் முக்கி எடுத்த உடம்பில்? நாகவள்ளி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, பெட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குனிந்தார்.

நாற்பத்தைந்து வயசு முகம். மீசையின் ஒரு பக்கம் கொஞ்சம் ஏற்றமாக வெட்டப்பட்டிருந்தது. மோவாயில் சிமெண்ட் பட்டுப் புண்ணாகி ஆறிய பழைய தழும்பு. மூக்கில் பஞ்சு. நேற்றுத் தூணடியில் உட்கார்ந்திருந்தவர். சந்தேகமே இல்லை.

“சோலைமுத்து” என்றார். இன்னும் குனிந்து, காதருகே மறுபடி சொன்னார். “சோலைமுத்து. நாகவள்ளி வரச் சொன்னா. டூட்டி முடிஞ்சுது. ஊருக்குக் கிளம்புங்க.”

ஒன்றும் நடக்கவில்லை. முகம் முகமாகவே கிடந்தது. தைல வாசம் மட்டும், யாரோ அறையை விட்டு வெளியே போன மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக விலகி, நின்றது. மஹ்மூது மூடியை வைத்து ஆணி அடித்தார்.

வெள்ளிக்கிழமை நாகவள்ளி கூப்பிட்டாள். “வந்துட்டாக சார்” என்றாள். அப்புறம் வெகுநேரம் அழுதாள். மத்தியானம் ரெண்டு ரிங் வரவில்லை என்றும் சொன்னாள். கோபாலசாமி அன்று ஷியாமளா வைத்த வத்தக்குழம்பில் மூன்று தரம் சோறு போட்டுக்கொண்டார். மகள் முகத்தைப் பார்த்து அவள் சொன்ன கதையை முழுக்கக் கேட்டார். சாயங்காலம் வரை தூங்கினார். இனி ஒவ்வொருவரையும் பார்த்துத்தான் அனுப்புவேன் என்று சாமி படத்தின் முன்னால் நின்று சொன்னார். மனசாரத்தான் சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு ஆபீஸ் சாப்பாட்டுக்குக் கலைந்தது. இனி நாலு மணிக்குத்தான் ஆள் வரும். அவர் காலையில் பார்க்க நேரமில்லாத வருகைத்தாளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். 4417 கோடு போட்டு அடிபட்டிருந்தது. சந்தோஷமாக இருந்தது. தாளை மடித்து வைக்கப் போனவர், அடியில் இன்னொரு தாள் இருப்பதைப் பார்த்தார். சுரேஷ்குமாரின் கையெழுத்தில் வெறும் நம்பர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘பி’. கீழே ஒரு வரி எழுதியிருந்தான்: ‘சார், இந்த கார்டுகளும் பெட்டியில் இருந்தன. இந்த நம்பருக்கெல்லாம் என்னிடம் பெயர் இல்லை.’

2106. 2281. 2733. 3050.

நம்பர்கள் பழையவை. கால் சீட்டில் அவர் ஒத்துப் பார்த்தவை, அவருக்கு அவை மனப்பாடம். எண்ணினார். முப்பது.

ஒருவனுக்கு லீவு கிடைத்தது கேம்ப்பில் தெரிந்துவிட்டது.

ஏசி சொட்டுவது நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. அந்த அமைதியில் கீழே, துணிக்கடைப் பக்கமிருந்து மேலே வரும் படியில், முதல் பூட்ஸ் சத்தம் கேட்டது. கனமான, களைத்த, அவசரமில்லாத கால். அதற்குப் பின்னால் இன்னொன்று. அப்புறம் ஒன்று. ஏறி, நின்று, ஏறி, நின்று. வாசம் முன்னால் வந்துவிட்டது: ஈரச் சுண்ணாம்பு, எரிந்த ரப்பர், கடல் உப்பு, பெயிண்ட், பழைய ரத்தம். கண்ணாடிக் கதவில் ஒரு நிழல் வந்து நின்றது. தட்டவில்லை. ஆபீசர் கூப்பிடும்வரை உள்ளே வரக் கூடாது என்று அவர்தான் கேம்ப்பில் சொல்லிவைத்திருந்தார்.

கோபாலசாமி கூப்பிடவில்லை. கதவு திறந்தது.

முதல் ஆள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். நேராக இவர் முகத்தைப் பார்த்தார். கதவுக்கு வெளியே, படி வளைந்து இறங்கும் இடம்வரை, ஒருவர் தோளுக்கு மேல் ஒருவராக முகங்கள். எந்த முகமும் திரும்பவில்லை.

பார்த்தார். இந்த முறை கோபாலசாமியின் கண் சுவருக்கு ஓடவில்லை. முப்பது வயசு. அடர்ந்த புருவம். உதட்டோரம் மச்சம். தெளிவாக, மிகத் தெளிவாகத் தெரிந்தது. பெயர் சொல்ல வேண்டும். யார் வரச் சொன்னாள் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அவ்வளவுதான் வேண்டும் இவருக்கு.

அலமாரியைத் திறந்து ஃபைல்களை அள்ளி மேஜைமேல் கொட்டினார். முப்பது பெயர், முப்பது நம்பர், முப்பது கையெழுத்து, எல்லாம் இருந்தது. போட்டோ இருந்த இடத்தில் கறுப்பு மை. அடுத்ததைத் திறந்தார். கறுப்பு மை. அடுத்தது. அடுத்தது.

“பேரு?” என்று கேட்டார். “உங்க பேரு என்ன? ஊரு?”

அந்த ஆள் பதில் சொல்லவில்லை. கேட்டுக்கொள்ளத்தான் வந்திருந்தார்.

கோபாலசாமி மேலே கிடந்த ஃபைலிலிருந்து ஒரு பெயரைப் படித்தார். “கலியமூர்த்தி. ஊருக்குக் கிளம்புங்க.”

ஆள் அசையவில்லை. புருவம் இருந்த இடத்தில் புருவம் இல்லை. வெறும் தோல்.

“இல்ல… இருங்க. ராசாங்கம்?”

உதட்டோரத்து மச்சம் போயிற்று. உதடும். மூக்குக்குக் கீழே வழவழவென்று ஒன்றுமில்லை. கண் மட்டும் மிச்சம் இருந்தது. அந்தக் கண்ணில் கோபம் இல்லை. இன்னும் நம்பிக்கை இருந்தது.

கோபாலசாமி வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். இருபத்தெட்டுப் பெயர்கள் மேஜையில் கிடந்தன. மேஜைக்கு அந்தப் பக்கம் அந்த ஆள் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி, அடுத்த பெயருக்காக, பொறுமையாக நின்றுகொண்டிருந்தார். அவர் பின்னால், வரிசை ஒரு படி முன்னால் வந்தது.